ஒன்பதாவது பாடத்துக்கு முன்னால்

சலவை ஆலையில் அவனுக்கு டேப்பு என்று பெயர். கழுத்தில் அளவு டேப்பு தொங்காமல் அவனை யாரும் பார்த்ததில்லை. வயதில் சின்னவர்கள் டேப்பண்ணே என்பார்கள். நாற்பத்தேழு வயதில் ஒட்டுத்தையல் அறைக்கு மேற்பார்வையாளனாக இருந்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற விரிப்பு, உறை, துவாலைகளில் சலவை இயந்திரம் கடித்துக் கிழித்தவை அந்த அறைக்கு வரும். கிழிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும், துணி நன்றாகவே இருக்கும். இயந்திரத்துக்குப் புதுசு பழசு பேதம் கிடையாது. நேற்று வாங்கிய விரிப்பையும் கடிக்கும். ஆறு பெண்கள் ஆறு மிஷினில் உட்கார்ந்து அதையெல்லாம் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள்.

அந்த ஆறு பேரில் மூத்தவள் அவனுடைய சொந்த அக்கா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், வேலையில்லாமல் திரிந்த தம்பியை மேனேஜர் முன்னால் கொண்டு நிறுத்தி, "கை சுத்தம், வாய் சுத்தம். ஏதாவது ஒண்ணு குறைஞ்சா என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க" என்று சொன்னவள் அவள்தான். தம்பி தனக்கே மேலாளாக வந்தபோது அவள் வருத்தப்படவில்லை. வேலை நேரத்தில் மற்றவர்களைப் போலவே டேப்பு என்று கூப்பிடுவாள். சாயங்காலம் கேட்டைத் தாண்டினால் "டேய் தம்பி" ஆகிவிடும்.

ஒருநாள் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். உதவி மேனேஜர் இடம் காலியாக இருந்தது. "உன்னைத்தான் நினைச்சிருக்கேன். ஆனா மேல சர்டிபிகேட் கேக்கறாங்க. கணக்கியலும் மேலாண்மைப் பொருளியலும் அடிப்படை தெரிஞ்சிருக்கணுமாம். எட்டு மாச கோர்ஸ், சாயங்காலம். பாதிப் பணம் கம்பெனி கட்டும். என்ன சொல்ற?"

என்ன சொல்வான்? படிப்பை நிறுத்தி முப்பது வருடமாகியிருந்தது. சரி என்றான்.

வகுப்பு ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் நடந்தது. பதினான்கு பேர். கையோடு பலகை வைத்த நாற்காலிகள். அவன் தொடை அதற்குள் நுழையப் பாடுபட்டது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். தன்னைவிட மூத்தவர்களைப் பார்த்து ஆரம்பத்தில் கொஞ்சம் பயந்தாள். எல்லோரையும் சார் என்றாள். புத்தகம் இரண்டு பாதியாக இருந்தது. "முதல் பாதி கணக்கியல். பணம் எங்க போச்சுன்னு சொல்லும்" என்றாள் முதல் நாள். "ரெண்டாம் பாதி பொருளியல். இனிமே என்ன செய்யலாம்னு முடிவெடுக்க அதுதான் வேணும்."

முதல் மாதம் வரவும் பற்றும் அவனைப் பாடாய்ப் படுத்தின. மதிய இடைவேளையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முழிப்பான். சுற்றி ஆறு பெண்களும் வேடிக்கை பார்ப்பார்கள்.

"என்னடா அது, பற்று பற்றுன்னு போட்டிருக்கு? பற்றுன்னா பாசம்தானே?" என்றாள் அக்கா.

"இங்க பற்றுன்னா இடது பக்கம்க்கா."

"பாசத்துக்குக்கூட பக்கம் பிரிச்சுட்டாங்களா!" என்றாள் ரேடியோ. ஆறு பேரில் ஓயாமல் பேசுகிறவள் அவள். அறையே சிரித்தது.

நாலாவது பாடத்தில் அவனுக்குப் பிடி கிடைத்தது. ஒரு பொருளைச் செய்ய மொத்தம் என்ன ஆகிறது என்று கண்டுபிடிக்கிற பாடம். கூலி, சாமான், அப்புறம் வாடகை, அலுவலகச் செலவு மாதிரி பொதுச் செலவுகளில் அந்தப் பிரிவின் பங்கு. எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஆசிரியை ஒரு பயிற்சி கொடுத்தாள். அவரவர் வேலை செய்கிற இடத்தில் ஒரு பிரிவை எடுத்துக் கணக்குப் போட்டு வரவேண்டும். வகுப்பில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். டேப்புக்கு மட்டும் உற்சாகம். துணியை அளந்து அளந்து பழகிய கை, இப்போது தன் அறையையே அளக்கக் கேட்டது.

எத்தனை உருப்படி என்பதற்கு அக்காவின் நோட்டு இருந்தது. பல வருடமாக ஒவ்வொரு நாளும் தைத்து முடித்ததைக் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தாள். யாரும் கேட்டதில்லை, அவளாகச் செய்தாள். "எடுத்துக்கோ. மாசம் ரெண்டாயிரத்துக்குக் குறையாது. நல்லா போடு. இங்க எவ்வளவு வேலை நடக்குதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியட்டும்" என்றாள்.

ஆறு பேர் சம்பளம் ஐம்பத்துநாலாயிரம். அவன் சம்பளம் பதினாலாயிரம். நூல், ஊசி, ஒட்டுத்துணி, மிஷின் ரிப்பேர் நாலாயிரம். பொதுச் செலவின் பங்கைக் கணக்குப் பிரிவு குமாஸ்தா எடுத்துக் கொடுத்தார். தரையளவுப்படி வாடகை முப்பதாயிரம். கொதிகலன், அலுவலகம் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம்.

"கொதிகலனா? நாங்க நீராவியே எடுக்கறதில்லையே. ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கு, அதுவும் கரண்ட்" என்றான் டேப்பு.

"எல்லார் தலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் கட்டணும்ணே. இல்லன்னா அதை எங்க கொண்டு போய்க் கட்டறது?" என்றார் குமாஸ்தா.

அது நியாயமாகத்தான் பட்டது. எழுதிக்கொண்டான்.

கூட்டினால் ஒரு லட்சத்து இருபத்துநாலாயிரம் வந்தது. இரண்டாயிரத்தால் வகுத்தால் உருப்படிக்கு அறுபத்திரண்டு. தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டான். அறுபத்திரண்டுதான். மொத்தமாக வாங்கினால் ஒரு புது உருப்படி சராசரி ஐம்பதுக்கு வருகிறது என்று அவனுக்குத் தெரியும். அப்படியானால் தைப்பதைவிடக் கிழிந்ததைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்குவது மேல். மாதம் இருபத்துநாலாயிரம் மிச்சம்.

அதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு வருத்தம் வரவில்லை என்பதைப் பிற்பாடு அவனால் மறக்க முடியவில்லை. இத்தனை வருடம் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது என்ற மிதப்புதான் இருந்தது. கடைசி வரியில், "ஆகவே இப்பிரிவு நிறுவனத்துக்கு நட்டம்" என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டான்.

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு மார்க். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினாள். "புத்தகத்துக் கணக்கு இல்ல, நிஜக் கணக்கு" என்றாள். நாற்பத்தேழு வயதில் கைதட்டு வாங்கினான். கம்பெனி பாதிப் பணம் கட்டியிருக்கிறதே, காட்டாமல் இருக்கலாமா என்று மறுநாள் மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அது முழு உண்மையில்லை. மார்க்கைக் காட்டத்தான் போனான்.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. உன் சுரைக்காய் உதவும் போலிருக்கே" என்றார். "இதை நான் வச்சுக்கவா?"

"வச்சுக்கங்க சார்."

மூன்று வாரத்தில் ஒட்டுத்தையல் அறையை மூட உத்தரவு வந்தது. ஒருத்தியை மட்டும் மடிப்புப் பிரிவில் போட்டுக்கொள்ள இடம் இருந்தது. ரேடியோவுக்கு வயது குறைவு, அவள் போனாள். மற்ற ஐந்து பேருக்கும் கணக்குத் தீர்த்துக் கவர் கொடுத்தார்கள். டேப்புக்கு முன்கூட்டியே உதவி மேனேஜர் நாற்காலி கிடைத்தது.

கடைசி நாள் அக்கா மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, உறை போட்டு மூடினாள். "விக்கத்தானே போறாங்க, எதுக்கு எண்ணெய்?" என்று யாரோ கேட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கேட்டுக்கு வெளியே டேப்பு காத்திருந்தான்.

"மேலிடத்து முடிவுக்கா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றான்.

"ஏன்டா பொய் சொல்ற? அந்தத் தாள் உன் கையெழுத்துல இருந்துச்சுன்னு ரேடியோ சொல்லிட்டா. குமாஸ்தா காட்டியிருக்காரு."

அவன் தலை குனிந்து நின்றான். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"சரி விடு. நீ இல்லாததையா எழுதிட்ட? கணக்கு அப்படித்தான்னா நீ என்ன பண்ணுவ? நாங்க கம்பெனிக்கு பாரம்னு இத்தனை வருஷம் எங்களுக்கே தெரியல பாரு. சும்மா சம்பளம் வாங்கியிருக்கோம்."

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. உண்மையாகவே நம்பினாள். மற்ற நான்கு பேர் அவனைத் திட்டியபோதும் அவள்தான் பரிந்து பேசினாள். "என் தம்பி கணக்குல புளுக மாட்டான்" என்றாளாம்.

ஐம்பத்துநாலு வயதில் அவளுக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்? ஒரு கிடங்கில் மூட்டை வாய் தைக்கிற வேலை கிடைத்தது. கட்டை ஊசி, சணல் கயிறு, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. இழை தெரியாமல் கிழிசலை மூடிய விரல்கள் ஒரு மாதத்தில் பிளந்துபோயின. டேப்பு பணம் கொண்டுபோனால் வாங்க மாட்டாள். "உன் பிள்ளைங்க படிப்பைப் பாரு" என்பாள்.

அறை மூடி இரண்டு மாதம் கழித்து ஒன்பதாவது பாடம் வந்தது. புத்தகத்தின் இரண்டாம் பாதி. ஒரு பிரிவை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று எப்படி முடிவெடுப்பது? ஆசிரியை பலகையில் இரண்டு கட்டம் போட்டாள். மூடினால் நின்றுபோகிற செலவு ஒரு கட்டத்தில். மூடினாலும் நிற்காத செலவு இன்னொன்றில். "முடிவெடுக்கும்போது முதல் கட்டத்தை மட்டும் பாருங்க. ரெண்டாவதுல இருக்கறது நீங்க மூடினாலும் வரும், மூடாட்டியும் வரும். அதைப் பங்கு போட்டு ஒரு பிரிவு தலையில கட்டி, பிறகு அந்தப் பிரிவு நட்டம்னு சொன்னா, அது பொய்க் கணக்கு" என்றாள்.

டேப்பு பேனாவைக் கீழே வைத்தான். ஆலைக் கட்டடம் முழுவதும் பத்து வருட ஒப்பந்தம். அறையை மூடியதால் வாடகையில் ஒரு காசு குறையவில்லை. கொதிகலன் அதே கரியைத் தின்றுகொண்டிருந்தது. அவன் சம்பளமும் நிற்கவில்லை, கூடியிருந்தது. நின்றது அந்த ஆறு பேர் சம்பளமும் நூலும் ஊசியும்தான். ஐம்பத்தெட்டாயிரம். இரண்டாயிரத்தால் வகுத்தால் இருபத்தொன்பது.

இருபத்தொன்பதுக்குத் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு ஐம்பதுக்குப் புதுசு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாதம் நாற்பத்திரண்டாயிரம் நட்டம். பாரமாக இருந்தோம் என்று நம்பிப் போனாளே, அவளும் அந்த ஐந்து பேரும் மாதாமாதம் நாற்பத்திரண்டாயிரம் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் போனான். "நாலாவது பாடத்துல இதைச் சொல்லலையேம்மா?"

"நாலாவது பாடம் செலவைக் கண்டுபிடிக்க மட்டும்தான் சார். முடிவெடுக்க இல்ல. ஏன், என்னாச்சு?"

"என் பிரிவை மூடிட்டாங்க."

அவள் முகம் வெளுத்துப்போனது. "அது பயிற்சிதானே சார்? ஹோம் ஒர்க்குக்குத்தானே கேட்டேன்..." என்றாள். பிறகு, "எத்தனை பேர்?" என்று கேட்டாள். அவன் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன ஆகும்? ஆழம் தெரியாமல் காலை விட்டவன் அவன்.

மறுநாள் புதிய கணக்கை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனான். இந்தத் தடவை கோடு போடவில்லை. மேனேஜர் இதையும் இரண்டு தரம் படித்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அந்த ரூம் சும்மாதான் கிடக்கு சார். உடைஞ்ச டிராலி போட்டு வச்சிருக்கோம். நாலு மிஷினாவது வாங்கிப் போட்டா..."

"இங்க பாரு. மாசம் இருபத்துநாலாயிரம் மிச்சம்னு முதலாளிகிட்ட நான் சொல்லியிருக்கேன். அவரு தட்டிக்கொடுத்தாரு. இப்பப் போய் மிச்சம் இல்ல சார், நட்டம், அதுவும் நாற்பத்திரண்டுன்னு சொல்லணும். யார் தப்புன்னு கேப்பாரு. நான்னு சொல்லவா, நீன்னு சொல்லவா?"

டேப்பு மேசை மேலிருந்த தாளைப் பார்த்தான்.

"உன் புத்தகத்துலயே இருக்குமே, மூழ்கிய செலவுன்னு. போனது போனதுதான், அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாதுன்னு. படிச்சியா இல்லையா?"

"அது பணத்துக்குச் சொன்னது சார்."

"எல்லாத்துக்கும் அதுதான்" என்றார் மேனேஜர். தாளை மடித்து அவனிடமே கொடுத்தார்.

நான்தான் தப்பு என்று சொல்லுங்கள் சார் என அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வீட்டுக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம், புது நாற்காலி எல்லாம் சேர்ந்து அதைத் திருப்பி விழுங்க வைத்தன. மனைவியிடம் மட்டும் சொன்னான். "உங்க அக்காகிட்டச் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மட்டும் வேலை திரும்பி வந்துடுமா? இப்பவாவது நிம்மதியா இருக்காங்க" என்றாள். அவனுக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பதில்தான்.

இதற்குள் ஆலையில் இன்னொன்று நடந்தது. மூடிய அறையின் தலையில் கட்டியிருந்த ஐம்பத்திரண்டாயிரத்தைக் குமாஸ்தா மற்ற பிரிவுகளுக்குப் பிரித்துப் போட்டார். எல்லாப் பிரிவின் செலவும் ஏறியது. சில மாதத்தில் மடிப்புப் பிரிவு நட்டத்தில் இருப்பதாகத் தாள் சொன்னது. வெளி ஆள் ஒருவர் ஒப்பந்தத்தில் மடித்துத் தர முன்வந்தார். மேனேஜர் டேப்புவைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் இது கைவந்த கலையாச்சே. ஒரு கணக்குப் போடு" என்றார்.

இந்த முறை அவன் அரைக்கிணறு தாண்டவில்லை. பாடம் முழுவதும் முடித்து, முதல் வகுப்பில் தேறிய சர்டிபிகேட் மேசை மேல் இருந்தது. நிற்கிற செலவையும் நிற்காத செலவையும் பிரித்து, மடிப்புப் பிரிவை மூடினால்தான் நட்டம் என்று மூன்று பக்கம் எழுதினான். அவனே முதலாளி முன்னால் நின்று விளக்கினான். ஒன்பது பேர் வேலை தப்பியது. அவர்கள் அவனைச் சுற்றி நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ரேடியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வாடகைய எங்க தலையில கட்டினது தப்புன்னு முதலாளிகிட்டயே சொன்னீங்களாமே டேப்பண்ணே!" என்றாள். அவள் வாயில் போட்டது அன்றைக்குச் சாயங்காலமே கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டுக்குப் போனான். ஒற்றை அறை, ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில். அவள் விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள்.

"மடிப்புல இருக்கறவங்கள காப்பாத்திட்டியாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"வாடகை எப்படியும் வரும், அதை அவங்க தலையில கட்டக் கூடாதுன்னு சொன்னியாம்."

"ஆமா."

"எங்க தலையில கட்டியிருந்துச்சா?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கட்டியிருந்துச்சுக்கா. அப்ப எனக்குத் தெரியாது. நாலு பாடம்தான் ஆகியிருந்துச்சு. ஒன்பதாவதுலதான் அது வந்துச்சு."

"பாடம் முடியற வரைக்கும் பேனாவ மூடி வச்சிருக்கலாம்ல?"

அவள் களிம்பு டப்பாவை மூடினாள்.

"சரி போட்டுப் பாத்தா எங்க கணக்கு என்ன?"

"இருபத்தொன்பது. புதுசு ஐம்பது. நீங்கதான் கம்பெனிக்கு மாசம் நாற்பத்திரண்டாயிரம் மிச்சம் பிடிச்சுக் கொடுத்திருக்கீங்க."

அவள் உதடு அசைந்தது. அந்த எண்ணை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"இது எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"ஒன்பதாவது பாடத்துல."

"அதான், எப்ப?"

"மூடி ரெண்டு மாசத்துல."

"இப்ப எத்தனை மாசம்?"

"ஏழு."

அஞ்சு மாசம் என்று அவள் சொல்லவில்லை. கணக்குப் பாடம் படிக்காவிட்டாலும் அவளுக்குக் கழிக்கத் தெரியும். அந்த ஐந்து மாதத்தில் எத்தனை தடவை இந்தக் கட்டிலில் அவன் உட்கார்ந்திருப்பான்! "நாங்க பாரம்தான், தம்பி என்ன பண்ணுவான்" என்று மற்ற நான்கு பெண்களிடமும் அவள் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாள்! அதையெல்லாம் அவள் சொல்லிக்காட்டியிருந்தால் அவன் அழுதிருப்பான், காலில் விழுந்திருப்பான். அவள் எழுந்து தண்ணீர் மொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

காதில் சரியாக விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தான். "என்னக்கா?"

"இருட்டறதுக்குள்ள கிளம்புங்க. வீட்ல தேடுவாங்க."

கோபத்தில் சொல்லவில்லை. வாடகை வாங்க வந்தவரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ பேசுகிற குரல். அவன் பிறந்ததிலிருந்து அவள் வாயில் நீ, டேய், வாடா, போடா என்பதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. "அக்கா, அடிச்சுக்கூடப் போடு, இப்படிப் பேசாத" என்றான். அவள் வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கதவருகே நின்றாள்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் வந்து போவதை நிறுத்தவில்லை. அவன் மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். மகளைக் கொஞ்சுவாள், மனைவியிடம் சிரித்துப் பேசுவாள். அவனைப் பார்த்தால் மட்டும், "வாங்க. சாப்பிட்டீங்களா? வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்பாள். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து, தம்பி பெரிய பதவிக்குப் போனதும் அக்கா எவ்வளவு மரியாதை கொடுக்கிறாள் பார் என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் மறுத்துச் சொல்வதில்லை.